ஆறு மைக்கும் ஓர் அறையும்

பெருநாளைக்கு முன்னம் என் தையல் அறையை மீட்காவிட்டால் நான் ஆதம்பாவாவின் மகள் இல்லை என்று மிசின் மேல் கைவைத்துச் சொன்னேன். சொன்ன கையோடு பயமும் வந்தது. மிசின் விறாந்தையில் கிடந்தது. மழை வந்தால் துணி நனையும். வெயில் வந்தால் நிறம் போகும். இரண்டும் வராவிட்டால் ஆடு வரும்.

வீடு என் சீதனம். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மனுசன் நளீர் ஒரு பெட்டியோடு வந்தவர். இப்போது என் அறை முழுக்க அவருடைய மைக்கும் வயரும்.

"இஞ்சாருங்க, பெருநாள் சட்டை பதினாறு கிடக்கு. எங்க வெச்சித் தைக்கிற?"

"பொறு புள்ள. இந்தப் பொல்லடியப் பதிஞ்சி முடிச்சா அறை ஒனக்கு."

"போன மாசம் கஸீதாப் பாட்டுக்கும் இதத்தான் சொன்னீங்க."

"அது ஒரு சோடி மைக். இது மூணு சோடி!"

"ஒரு சோடிக்கு அறை போச்சி. மூணு சோடிக்கு நான் வளவுக்குள்ள படுக்கிறதா?"

அவர் காதில் விழவில்லை. ஒரு சோடி மேடைக்குக் கிட்ட, பொல்லும் பொல்லும் மோதும் கோலாட்டச் சத்தத்துக்காம். ஒரு சோடி நடுவில் உயரத்தில், மண்டபத்தின் முழக்கத்துக்காம். மூன்றாவது பின்னுக்கு, சனத்தின் ஆரவாரத்துக்காம். தூரத்து மைக்குக்குச் சத்தம் பிந்தித்தான் போகுமாம். மூன்றையும் கொம்பியூட்டரில் நேரம் பிசகாமல் கலக்க வேண்டுமாம்.

"கலந்தா, வீட்டுல கேக்கிறவன் மண்டபத்துக்குள்ள நிப்பான் புள்ள!"

எனக்கு விளங்கியது ஒன்றுதான். பின்னுக்கு என்றால் பெண்களுக்கு மறைத்துக் கட்டும் திரைக்கு இந்தப் பக்கம். எங்கள் பக்கம்.

பதிவு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனை மண்டபம் நிறைந்து வழிந்தது. மீராமுகைதீன் அண்ணாவியார் பாட்டை எடுத்தார். பன்னிரண்டு பேர் சுற்றிச் சுற்றிப் பொல்லடித்தார்கள். கதிரைகூட ஆடியது. ஒரு மாதமாக எங்கள் வளவில்தான் பழகினார்கள். எட்டாவது சுற்றில் பொல்லை உயர்த்தி ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்பார்கள் என்று எனக்குப் பாடம். ஆறு. ஏழு. குரல் எழும்பாவிட்டால்? ஜின் பிடித்தவள் போல அலறிவிட்டால்?

எட்டு. மண்டபமே மூச்சைப் பிடித்தது. நான் எழும்பினேன்.

"ஸம்றா! எங்கட அவரு இண்டையோட தையல் அறைய விட்டுத் தாறாராம் கா!"

பக்கத்து வீட்டு ஸம்றா தொடக்கிவிட, திரைக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை பெண்களும், "மாஷா அல்லாஹ்!" அதே நொடியில் பன்னிரண்டு பேரின் பொல்லும் இறங்கியது.

மறுநாள் நளீர் பின் சோடியை அமத்தினார். என் குரல் நடுச் சோடியில் கேட்டது. நடுவை அமத்தினார். முன் சோடியில் கேட்டது. மூன்றையும் சேர்த்தார். நான் மூன்று மடங்கு ஆனேன்.

"என்ன தொண்டை புள்ள ஒனக்கு!"

"சீதனத் தொண்டை. வெட்டிப் போடுங்களன்."

"வெட்டினா அடியும் போகும். ஒங்கட மாஷா அல்லாஹ் பொல்லோட ஒட்டிட்டு!"

அப்போது அண்ணாவியார் வந்தார். ஹெட்போனை மாட்டினார். நளீருக்கு வியர்த்தது.

"காக்கா, அந்த இடத்த மட்டும்..."

"தொட்டியெண்டா தெரியும்! அதுதான்டா உசிரு. பொண்டுகள் இப்பிடி வாழ்த்தின பொல்லடி வேற எவன்ட இரிக்கி?"

பென்டிரைவோடு போனார். லுஹர் தொழுகைக்குள் கல்முனை முழுக்கப் போன் போனாகக் கேட்டது. பின்னேரம் பன்னிரண்டு பேரும் வாசலில் நின்றார்கள், வாக்குத் தந்த மனுசனுக்குச் சாமான் தூக்கிக் கொடுக்க.

பெட்டியும் வயரும் வெளியே வந்தன. நளீர் நடுவில் நின்றார்.

"அப்ப இதெல்லாம் நான் எங்க வைக்கிற?"

பாவமாகத்தான் இருந்தது.

"குசினியில இடமிரிக்கி," என்றேன். "ஆனா அங்க இரிக்கிற ஆள்தான் சோறாக்கணும்."