வக்ஃபுக் கடைக்கு வந்த தப்பான மிஷின்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் சுகம். அங்கும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறோம்.

ஏழைகளுக்கென்று நீ அனுப்பிய ஜகாத் பணம் என்னாயிற்று என்று கேட்டிருந்தாய். பள்ளிவாசலின் வக்ஃபுச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி என்ற முறையில் முறையாகவே தெரிவிக்கிறேன். வருஷா வருஷம் ஏழைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு மளிகைப் பை கொடுப்போமே, போன வருஷமும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பொத்தான் தைக்கிற பொத்தானம்மா, புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருக்கிறவங்க, பையை வாங்காம அப்படியே நின்னுட்டாங்க. "பன்னிரண்டு வருஷமா வாங்குறேன் அண்ணே. பத்து நாள்ல பையும் காலி, நானும் காலி. ஒரு தையல் மிஷின் கொடுங்க. அடுத்த வருஷம் இந்த வரிசையில என் நிழல்கூட விழாது!" வரிசையே கைதட்டுது.

சரின்னு, உன் ஜகாத்துல மிஷின் வாங்கி அவங்களுக்கே சொந்தமாக்கறது, யாரோ புண்ணியவான் பள்ளிவாசலுக்கு எழுதிவச்ச மூலைக்கடையை அவங்களுக்கு விடறதுன்னு முடிவாச்சு. கடையைத் திறக்கப்போனா, பூட்டுக்குப் பதிலா கதவே கையோட வந்துடுச்சு. உள்ள கூரைவரைக்கும் உடைஞ்ச நாற்காலி. முத்தவல்லியாச்சேன்னு கம்பீரமா முதல் நாற்காலியை இழுத்தேன், மிச்சம் அத்தனையும் என் மேல. மூணு நாள் நொண்டினேன். அப்புறம் மிஷின் வந்துச்சு பாரு, நாலு பேரால அசைக்க முடியல! "நல்லா உழைக்கிறதா கொடுப்பா"ன்னு சொன்னதுக்கு, கடைக்காரன் தோல் தைக்கிற மிஷினைத் தலையில கட்டிட்டான். திருப்பி எடுக்கவும் மாட்டானாம். தெருவே சிரிச்சுது. நான் இடிஞ்சுபோய் உட்கார்ந்துட்டேன். பொத்தானம்மா மட்டும் மிஷினைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. "சட்டை தைக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க அண்ணே. பள்ளிக்கூடப் பை கிழிஞ்சா யார் இருக்கா?"

அவ்வளவுதான் மச்சான்! முதல்ல கிழிஞ்ச பை, அப்புறம் புதுப் பை, அப்புறம் ஒரு பள்ளிக்கூடமே ஆர்டர் கொடுத்துது. அதே வரிசையில நின்ன ரெண்டு பேரை வேலைக்கு வச்சுக்கிட்டாங்க. இந்த வருஷம் மளிகைப் பை கொடுக்கிற அன்னைக்கு பொத்தானம்மா மறுபடியும் வந்து நின்னாங்க. "என்னம்மா, தொழில் படுத்துடுச்சா?"ன்னேன். "வாங்க வரல அண்ணே, கொடுக்க வந்தேன். இது என் ஜகாத்"னு உறையை நீட்டினாங்க. வரிசையில மூணு பேர் குறைஞ்சாச்சு. அல்ஹம்துலில்லாஹ், ஜெயிச்சுட்டோம்! முத்தவல்லின்னா இவரல்லவா முத்தவல்லின்னு நாலு பேர்கிட்ட நீயே சொல்லு.

பிள்ளைகளுக்கு முத்தங்கள், உன் வீட்டாருக்கு சலாம். உன் சம்பாத்தியத்தில் பரக்கத் பொங்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: இதை ஒட்டறதுக்குள்ள பள்ளிவாசல் கமிட்டி கூடிடுச்சு. பூட்டிக்கிடக்கிற மத்த கடைகளையும் இப்படி நடத்த விவரமான ஆள் வேணும்னு, புது முத்தவல்லியா பொத்தானம்மாவையே போட்டுட்டாங்க. நானும்தான் கை தூக்கினேன். இனிமே எதுன்னாலும் அவங்களுக்கே எழுது. என்னைப் பைக்கு ஜிப்பு கோக்க வச்சிருக்காங்க. நேத்து கோத்த பத்துல எட்டு தலைகீழ்.