மரம் விழுந்த காரும் என் வாயும்

வாயால் கெட்டவர்களின் பட்டியலை உத்திரமேரூர் வட்டாரத்தில் யாராவது எடுத்தால், முதல் பக்கத்திலேயே என் பெயர் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக டீச்சர் வேலை. எதிரில் நிற்பவர் தாசில்தாராகவே இருந்தாலும், அவர் ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகத்தான் என் தொண்டைக்கு நினைப்பு. என் வீட்டுக்காரர் என்னை எதிர்த்துப் பேசுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. (அவருக்கும் கடைசி பெஞ்ச்தான்.) இந்த வாயை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு ஏழுமலை அண்ணனுக்கு நான் செய்த காரியத்தை இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை. அதுவும் ஓர் ஓட்டைக் காரின் இன்சூரன்ஸ் பணத்துக்காக.

கார் பதினான்கு வருஷப் பழசு. இடதுபக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஏசி தனக்கு மனசு வந்தால் வேலை செய்யும். ஆனாலும் அது இல்லாமல் எங்களுக்கு ஆகாது. வரப்பில் வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரருக்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பைக்கில் உட்காரக் கூடாது, பஸ் படி ஏற முடியாது. சனிக்கிழமைதோறும் காஞ்சிபுரத்துக்கு, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு, நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். பின் சீட்டில் ஏழுமலை அண்ணனும் அவர் மனைவி பச்சையம்மா அக்காவும் வருவார்கள். அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரி.

ஏழுமலை அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்கமாட்டார். காரைவிட்டு இறங்கும்போதெல்லாம் இருநூறு ரூபாயை நீட்டுவார். "டீசலுக்கு வச்சிக்கோ தங்கச்சி." நான் வாங்கமாட்டேன். அவர் சீட் கவருக்குள் செருகிவிட்டுப் போவார். நான் அதை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தால், மறுநாள் காலை எங்கள் கேட்டில் ஒரு பை வேர்க்கடலை தொங்கும். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கேட்டால், "ஓசில ஏறி எறங்க நான் இன்னா கோயில் மாடா?" என்பார். அவருக்கு அது வெறும் இருநூறு ரூபாய் இல்லை. மானம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டெதிரே இருந்த தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து நேராகக் காரின்மேல் படுத்துக்கொண்டது. (வெயிலில் பெயிண்ட் போகிறது, மரத்தடியில்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான்தான். அதை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பயம்.) கூரை ஸ்டீயரிங்கின்மேல் உட்கார்ந்திருந்தது. ரிப்பேர் செலவு காரின் மதிப்பைத் தாண்டும், ஆகவே மொத்த நஷ்டக் கணக்கில்தான் வரும், சர்வேயர் நேரில் வந்து பார்ப்பார் என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போனில் சொன்னார்கள்.

"பாலிசில இன்னா தொகை போட்டுக்கீதோ அதான் குடுப்பான். நீ சும்மா இரு" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. பேசினாத்தான் ஏத்திக் குடுப்பாங்க" என்றேன்.

இந்த ஞானம் எனக்கு ஸ்டாஃப் ரூமில் கிடைத்தது. வண்டி நல்ல நிலைமையில் இருந்ததற்கு நாலு பேர் சாட்சி சொன்னால் கூடுதலாகக் கேட்கலாம் என்றார் கணக்கு சார். கூடவே ஒரு குண்டையும் போட்டார். "சொந்த வண்டிய வாடகைக்கு ஓட்டினதா ஒரு வார்த்தை அவங்க காதுல விழுந்துச்சு, ஒரு பைசா வராது டீச்சர்." அவரிடம் கார் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷனுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுபோல் தெருவைத் தயார் செய்தேன். யார் எங்கே நிற்க வேண்டும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம். முதல் சாட்சி ஏழுமலை அண்ணன். பதில்களை எல்லாம் சொல்லிக்கொடுத்த நான், வாடகைச் சமாசாரத்தை மட்டும் சொல்ல மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்வேயர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியவர் கூட்டத்தைப் பார்த்து, ஏதாவது சாவு வீடோ என்று ஒரு கணம் தயங்கினார். (சர்வேயர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, வரப்புத் தகராறுக்காரர்கள் இரண்டு பேர் பட்டாவோடு வேறு வந்து நின்றார்கள். அவர்களை அனுப்பி வைப்பதற்குள் எனக்குப் பாதி தொண்டை போய்விட்டது.)

அவர் பாட்டுக்குப் படம் எடுத்தார், குனிந்து நம்பரைப் பார்த்தார். நான் விடவில்லை. "சார், வண்டி எப்படி இருந்துச்சுன்னு இவரைக் கேளுங்க" என்று ஏழுமலை அண்ணனை முன்னால் தள்ளினேன்.

"வண்டி ராஜா மாரி ஓடும் சார். ஒரு நாள் நடுரோட்ல நின்னது கெடையாது" என்றார் அண்ணன். (மூன்று முறை நின்றிருக்கிறது. மூன்று முறையும் தள்ளியவர் அவரேதான்.)

சர்வேயர் மரியாதைக்கு, "நீங்களும் இதுல போவீங்களா?" என்று கேட்டார்.

"வாராவாரம் போவேன் சார். சும்மா ஒன்னியும் போவமாட்டேன். எறங்கும்போது எரநூறு ரூபா கையில குடுத்துடுவேன்."

சர்வேயர் நோட்டில் ஏதோ எழுதினார். எனக்குக் கணக்கு சாரின் முகம் கண்ணெதிரே வந்தது. கார் போச்சு, பணம் போச்சு, இனி என் வீட்டுக்காரரைக் காஞ்சிபுரத்துக்கு எப்படி அழைத்துப்போவேன் என்பதுதான் நினைப்பு. கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற அந்தக் குரல் தானாக வெளியே வந்தது.

"இன்னா காசு குடுத்தீங்க? எப்போ குடுத்தீங்க? சார், இவரு சொல்றத எழுதாதீங்க. வாராவாரம் ஓசிலதான் வருவாரு. இன்னிக்கி வரைக்கும் ஒரு பைசா குடுத்தது கெடையாது."

பச்சையம்மா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அவர் விவரமான ஆள்.

"ஆமா சார்" என்றார். "தங்கச்சி சொல்றதுதான் கரெக்டு. ஓசிலதான் போனேன். சும்மா பெருமைக்கு சொல்லிட்டேன்."

தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சர்வேயர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மேடம், நின்னுக்கிட்டிருந்த வண்டி மேல மரம் விழுந்திருக்கு. உள்ள ஆளே இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் டீசலுக்குக் காசு குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன? நான் இன்ஜின் நம்பர்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

அப்புறம் என் வீட்டுக்காரரிடம் திரும்பி, உடைந்த காரை நீங்களே வைத்துக்கொண்டு அதன் விலை போக மீதியை வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை நாங்கள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "நீங்களே எடுத்துக்கோங்க சார்" என்றார் இவர். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பாலிசியில் போட்டிருந்த தொகைதான். என் பேச்சுக்கும் சாட்சிகளுக்கும் சேர்த்து ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போனேன். "புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேண்ணே. மன்னிச்சிடுங்க."

"இன்னாத்துக்கு இதெல்லாம்? பணம் வருமில்ல? அது போதும் டீச்சர்" என்றார்.

அதுவரை நான் அவருக்குத் தங்கச்சி.

எனக்கு மனசு கேட்கவில்லை. ரேஷன் கடையிலும் பால் ஊற்றும் இடத்திலும் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, ஏழுமலை அண்ணன் ஓசியில் வரவில்லை, காசு கொடுத்துத்தான் வந்தார் என்று சொன்னேன். அதனால் விஷயமே தெரியாத இரண்டு தெருவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. "ஏழுமலை ஓசி இல்லியாமே?" என்று அவரையே சிலர் விசாரித்திருக்கிறார்கள். வாயால் கெட்டதை வாயாலேயே சரிசெய்யப் பார்த்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

வந்த பணத்தோடு கொஞ்சம் கடன் சேர்த்து இன்னொரு பழைய கார் வாங்கினோம். முதல் சனிக்கிழமை எதிர்வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது பார்த்தால் இரண்டு பேரும் அங்கே நிற்கிறார்கள். அக்காவுக்கு அன்றைக்குக் கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"ஏறுங்கண்ணே, வெயில்ல நிக்கிறீங்களே" என்றேன்.

"எனக்கு பஸ்ஸே ஓசிதான் டீச்சர்" என்று அக்கா சிரித்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். என்மேல் கோபமில்லை என்று காட்டத்தான் அப்படிச் சொன்னார்.

"அக்காக்கு சரிண்ணே. நீங்க?"

அவர் என்னைப் பார்த்து நல்லபடியாகவே சொன்னார். "பஸ்ஸுல டிக்கெட் குடுப்பாங்க டீச்சர்."

என் வீட்டுக்காரர் இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் சொந்தத்தில் யார் என் காரில் ஏறினாலும், கல்யாணமோ காதுகுத்தோ, முதலில் கையை நீட்டி "டிக்கெட் குடு, அப்புறம் ஏறுறேன்" என்கிறார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் அந்த பஸ் ஸ்டாப் வரும்போது வண்டியை மெதுவாக்குவேன். அவர் எழுந்திருக்காமலேயே கையை ஆட்டி, நீங்கள் போங்கள் என்பார். நான் போய்விடுவேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் எனக்குப் பேச வாய் வருவதில்லை.