ஜல்தி இறங்கிய ஊர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற எந்தப் பேருந்திலாவது ஜல்தி கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து வந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மேம்பாலம் கண்ணில் பட்டதும் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவார். பேருந்து கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் போதும், ஆள் தரையில் இருப்பார். கம்பெனி வாட்ச்மேன் சாவியோடு வந்து சேரும்போது, பூட்டிய கதவுக்கு முன்னால் அவர் அரை மைல் நடந்து முடித்திருப்பார்.

திண்டிவனத்தில் ஒரு விதைக் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் கடிதங்கள் டைப் அடிப்பேன், அவர் மூட்டைகளைக் கடைகளுக்கு அனுப்புவார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது; அவசரத்தைப் பார்த்து எல்லோரும் ஜல்தி என்றுதான் கூப்பிடுவார்கள். காணை கிராமத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வருவதற்குள், அவர்களுக்காகப் போட்டிருந்த காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபீஸில் எல்லோரும் பனமலைக்குப் போனபோது, நாங்கள் பாதிப் படி ஏறுவதற்குள் எதிரே இறங்கி வந்தார். “மேல ஒண்ணும் இல்ல, கோயில்தான் இருக்குது” என்றார்.

இப்படிப்பட்டவர் போன வருஷம் ஒருநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து, வியட்நாமுக்கு டிக்கெட் போட்டாச்சு என்றார். போனில் மலிவு விலை விமான விளம்பரம் வந்திருக்கிறது. யோசிக்கிற வேலையை அவர் என்றைக்கும் வைத்துக்கொண்டதில்லை. எனக்கும் சேர்த்தே போட்டுவிட்டார். எதற்கு என்னையும் இழுத்தீர்கள் என்று கேட்டதற்கு, தனியாகப் போனால் பேச ஆள் இருக்காது என்றார். டிக்கெட்டை ரத்து செய்ய வழி இல்லை, தேதியும் மாற்ற முடியாது.

ஏழு கிலோவுக்கு மேல் பையில் ஏற்றக்கூடாது என்பது அந்த மலிவு டிக்கெட்டின் சட்டம். ஜல்தி மூன்று சட்டை, இரண்டு பேன்ட் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். பையில் பாதி கேப்பை மாவு. அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறையில் இரண்டு கட்டில் எடுத்து, விடுதியின் வெந்நீர்க் கெட்டிலில் கூழ் காய்ச்சினார். விடுதிக்காரப் பெண் கெட்டிலை மோந்து பார்த்துவிட்டு, அதைப் பூட்டி வைத்துவிட்டாள். எனக்கோ அந்த ஊர் மீன் சாஸ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் வாழைப்பழத்தில் ஓடியது. ஜல்திக்குச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு சுற்று நடந்துவிட்டு, “பாத்தாச்சு, கெளம்பு” என்பார்.

நான்காம் நாள் விடிந்ததும் தெற்கே போகிற பேருந்தில் ஏறினோம். மறுநாள் மாலை அங்கிருந்துதான் ஊருக்கு விமானம். அது படுத்துக்கொண்டே போகும் பேருந்து. ஏறும்போதே நம் செருப்பை வாங்கி ஒரு பையில் போட்டு டிரைவர் வைத்துக்கொள்வார். வழியில் நிற்கிற இடத்தில் இறங்க, அவர்களே ரப்பர் செருப்பு தருவார்கள்.

“படுக்க வச்சிக் கூட்டிக்கினு போறதுக்கு நாம இன்னா பொணமா?” என்று ஜல்தி முனகியது காதில் விழுந்தது. அதற்குப்பிறகு நான் தூங்கிவிட்டேன்.

போன் அடிக்கிற சத்தத்தில் விழித்தேன். பக்கத்துப் படுக்கையில் போன் இருந்தது, ஆள் இல்லை. அழைத்தது அவர் மனைவி. அவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இன்னும் குளிக்கிறார் என்றேன்.

“பத்து நிமிசமா அவரு குளிக்கிறாரா? தம்பி, அவரு எங்கியோ தொலஞ்சிட்டாரு, நெசத்தச் சொல்லுங்க” என்றார். குரல் உடைந்துவிட்டது.

எப்படியும் கூட்டி வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் பாஸ்போர்ட் என்னிடம், போன் என்னிடம், செருப்பு டிரைவரிடம். போனில் மொழிபெயர்த்துக் காட்டியதும் டிரைவர் முந்தைய நிறுத்தத்துக் கடைக்குப் போன் போட்டார். ஓர் இந்தியர் பஸ் போன திசையிலேயே வேகமாக நடந்து போனார் என்று பதில் வந்தது. நின்ற இடத்தில் நிற்கத் தெரிந்திருந்தால் அவருக்கு ஏன் அந்தப் பெயர்?

இரண்டு பையோடு இறங்கி, எதிர்த்திசையில் வந்த பேருந்தைப் பிடித்து அந்தக் கடைக்குத் திரும்பினேன். அங்கிருந்து வெயிலில் நடந்தேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் போனிலிருந்த அவர் படத்தைக் காட்டினேன். எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே முன்னால் கை காட்டினார்கள். ஏதாவது லாரியில் ஏறிவிட்டிருந்தால் என்ன செய்வது, அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைக்க நினைக்க நடை ஓட்டமானது.

நாலு கிலோமீட்டர் தாண்டி ஒரு வீட்டுக் களத்தில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடி குவிந்து கிடந்தது. ஒரு கணவனும் மனைவியும் செடியிலிருந்து காயை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், பேருந்துக்காரன் கொடுத்த பச்சை ரப்பர் செருப்போடு ஜல்தி. செடியைக் கொத்தாகப் பிடித்துக் கூடை விளிம்பில் அடித்துக் காயை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணொண்ணாக் கிள்ளிக்கினு இருக்காங்க தம்பி. இது இன்னிக்கு முடியற வேலையா?” என்றார் என்னைப் பார்த்ததும்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஏன் இறங்கினீர்கள், இறங்கினால் ஏன் அங்கேயே நிற்கவில்லை என்று கத்திவிட்டேன். நடந்தால் பஸ்ஸை எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாராம். பிறகு தலையைத் தூக்காமலே சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவித்த மல்லாட்டை.

“மூணு நாளா வாழப்பழத்தத் தின்னுக்கினு கெடக்கற. ரோட்டோரம் ஒரு பொம்பள இத வித்துக்கினு இருந்துச்சி. நீ தூங்கிக்கினு இருந்த, எழுப்பல. வாங்கிக்கினு திரும்பறேன், பஸ்ஸக் காணோம். ஆறிப்போச்சி, பரவால்ல தின்னு.”

அங்கேயே உட்கார்ந்து ஒரு காய் விடாமல் தின்றேன். அவரை மனைவியிடம் பேசவைத்தேன். ஒரு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டார். களத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போய், பஸ் நிற்கிற இடத்தில் அடுத்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினார். விமானத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்தது, பிடித்தும்விட்டோம்.

அந்தப் பேருந்து வழியில் ஐந்து இடத்தில் நின்றது. தூக்கம் கண்ணை அழுத்தினாலும், ஐந்து இடத்திலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கி ஏறினேன்.