பத்திரம் சாரும் முறுக்கிய பெல்ட்டும்

பத்திரம் சார் தன் வாழ்நாளில் சொன்னது ஒரே ஒரு பொய்தான். ஆனால் அதைப் பதினோரு நாள் விடாமல் சொன்னார்.

பத்திரம் என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை. சோப்புத் தொழிற்சாலை வைத்த பெயர். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் இருநூறு பேரை வழுக்கி விழாமல் நடமாட வைப்பது அவர் வேலை. எதிரில் யார் வந்தாலும் வணக்கம் சொல்ல மாட்டார், "பத்திரம்" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் ஏணியில், இஸ்திரிப் பெட்டியில், மாடிப்படியில் எல்லாம் "பத்திரம்" என்று எழுதி ஒட்டியிருந்தார். குளியலறைக் கதவில் ஒட்டியதை மட்டும், விருந்தாளிகள் உள்ளே போகப் பயப்படுகிறார்கள் என்று மனைவி கிழித்துப் போட்டுவிட்டாள்.

மனைவிக்குப் பை தைக்கும் பட்டறையில் வேலை. பதினோரு வருடமாகப் பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைத்து, வளையம் கோத்து, கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது முதலாளியம்மா ஊரின் மறுகோடியில் இன்னொரு பட்டறை திறக்கிறார். அதற்குப் பொறுப்பாளர் இவள்தான். ஒரே ஒரு நிபந்தனை. காலை ஏழு மணிக்குப் பட்டறை திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"கார் ஓட்டக் கத்துக்கிட்டா வேலை உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

கற்றுக்கொண்டாள். முதல் தேர்வில் கோட்டை விட்டாள், இரண்டாவதில் தேறினாள். திங்கட்கிழமை புதுப் பட்டறை. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஒரு புதன்கிழமை, லைசென்ஸ் கையில் வந்து சேர்ந்தது.

பத்திரம் சார் சந்தோஷப்பட்டார். நிஜமாகவே பட்டார். பட்டு முடித்ததும் அவருக்குப் பயம் வந்தது. இருபது வருடமாக விபத்து அறிக்கை எழுதுகிறவர் அவர். எல்லா அறிக்கையும் "வழக்கம்போல" என்றுதான் ஆரம்பிக்கும். வழக்கம்போல வேலைக்கு வந்தவர். வழக்கம்போலப் படியில் இறங்கியவர். வழக்கம்போலக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய என் மனைவி என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. அதற்கு மேல் அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போய்ப் பார்த்தார். வாசலிலிருந்து தெருமுனை போவதற்குள் பதினான்கு தடவை "பத்திரம்" சொன்னார். தெருமுனையில் கை பிரேக்கைப் பிடித்து இழுத்தே விட்டார். கார் நின்றது. பின்னால் வந்த நாலு வண்டியும் நின்றன. நின்ற வண்டிக்காரர்கள் பத்திரம் சாரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார்கள். மனைவி கை பிரேக்கை விடுவித்து, காரைத் திருப்பி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

வியாழன் காலை. மனைவி சாவியை எடுத்து வருவதற்குள் காரைத் துடைத்து வைக்கலாம் என்று போனார். ஓட்டுநர் சீட்டு பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தது. அது தானாக முறுக்கிக்கொண்டது. இதில் அவர் மேல் குற்றமில்லை. உட்கார்ந்து ஆராய்ந்தார். பட்டையைச் சாய்வாக ஒரு மடிப்பு மடித்து, அந்த மடிப்பின் மேல், பெல்ட்டில் கோத்திருக்கும் இரும்பு நாக்கை ஏற்றிக் கடத்தினால் முறுக்கு அவிழ்ந்துவிடுகிறது. அரை நிமிட வேலை. சரி செய்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் மனைவி, கையில் சாவி, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அவர் கை தன்னால் மறுபடி மடித்தது. நாக்கைக் கடத்தியது. பெல்ட் பழையபடி முறுக்கிக்கொண்டது.

"வண்டிய எடுக்க முடியாதும்மா. பெல்ட் முறுக்கிக்கிச்சு."

"சரி பண்ண முடியாதா?"

"பாக்க சாதாரணமாத்தான் இருக்கும். உள்ள ஒரு சாமான் போயிருக்கு. கம்பெனிலேர்ந்து வரணும்."

"எத்தன நாளாகும்?"

"சொல்லியிருக்கேன்" என்றார். யாரிடம், எப்போது என்று அவள் கேட்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பத்திரம் சாரும் பஸ்ஸில்தான் போனார். முறுக்கிய பெல்ட்டோடு அவர் மட்டும் ஓட்டினால் அது விதிமீறல். பொய் சொன்னாலும் விதிப்படி சொல்கிற மனிதர் அவர்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பெல்ட் நேராக இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசர அவசரமாக முறுக்கி வைத்தார். சனிக்கிழமை காலை மறுபடி நேராக இருந்தது. இரண்டு முறுக்காகப் போட்டார். ஞாயிறு காலை இரண்டும் இல்லை. என்ன வண்டி இது, ஒரு முறுக்கைக்கூட ஒழுங்காகத் தாங்க மாட்டேன் என்கிறது என்று நொந்துகொண்டார். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு எழுந்து போய் முறுக்கிவிட்டு வருவது பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டது. வேறு யார் கையாவது இதில் இருக்கலாம் என்று அந்தப் புத்திசாலி மூளைக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலங்களில் "ரிப்பேர்" நடக்கும். ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மனைவி காபி கொண்டு வருவாள். வந்தவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எங்கேயும் போகாத காருக்குள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

"எட்டு மிஷின் போட்டிருக்காங்க. ஜன்னலோரமா எனக்கு ஒரு மேஜை. சாவிக் கொத்து நேத்தே கைக்கு வந்துடுச்சு."

"காட்டு."

காட்டினாள். மூன்று சாவி. ஒவ்வொன்றும் எந்தக் கதவுக்கு என்று சொன்னாள். சொல்லும்போது குரலில் பெருமையை மறைக்கப் பார்த்து முடியாமல் போனது அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் ஒரு சாவியைக் கொடுத்து, இது உன் பொறுப்பு என்று சொன்னதில்லை. பத்திரம் சார் காபியைப் பாதியில் கீழே வைத்தார்.

"திங்கட்கிழமைக்குள்ள அந்தச் சாமான் வந்துடுமில்ல?"

"வந்துடும்னுதான் சொல்றாங்க."

"வரலேன்னா வேலை போயிடுங்க."

அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் விரல்கள் தன் பக்கத்து பெல்ட்டைச் சாய்வாக மடிப்பதும் விடுவதுமாக இருந்தன. வார் தைக்கிற கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கார் கதவைத் தட்டினார்.

"என்ன சார், பத்து பதினோரு நாளா வண்டிய வாயத் திறக்க வச்சுட்டு உக்காந்திருக்கீங்க. நான் பாக்கட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். இது உங்க வேலை இல்ல."

"அரை நிமிஷம் சார். நாக்கப் பிடிச்சு ஒரு திருப்பு."

"நீங்க பல் டாக்டரா, நாக்கு டாக்டரா?"

"ரெண்டும் ஒரே வாயிலதான சார் இருக்கு" என்று டாக்டர் கையை உள்ளே நீட்டினார். பத்திரம் சார் பெல்ட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க தம்பியக் கூப்பிட்டேன்" என்றாள் பின்னால் வந்த மனைவி. "நாளைக்குத் திங்கட்கிழமையாச்சே."

இனிப் பேச்சுதான் காப்பாற்றும் என்று பத்திரம் சார் முடிவு செய்தார். காரை விட்டு இறங்கினார். தொழிற்சாலையில் இருநூறு பேரை நிறுத்தி வைத்துப் பேசும் குரலை எடுத்தார்.

"பெல்ட்டுங்கறது உயிர். முறுக்கின பெல்ட் பெல்ட்டே இல்ல, கயிறு. அகலமா நெஞ்சுல படிய வேண்டியது அறுத்துடும். கம்பெனி சாமான் வந்து, கம்பெனி ஆள் வந்து மாத்தற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

"யாருமேவா?" என்றாள் மனைவி.

"யாருமே. நான் உட்பட."

"இந்த ஒரு பெல்ட்டுக்கு மட்டுமா, வண்டியில இருக்கிற எல்லா பெல்ட்டுக்குமா?"

"என்ன கேள்வி இது. எல்லாத்துக்கும்தான். பெல்ட்டுல என்ன ஒசத்தி தாழ்த்தி."

"பெல்ட் முறுக்கின சீட்டுல உக்காரவும் கூடாது?"

"உக்காரவே கூடாது."

"டாக்டர் தம்பி, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டுக்கிட்டேன்க்கா."

இதற்கு எதற்குச் சாட்சி என்று பத்திரம் சாருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் அவர் இல்லை. அன்று சாப்பிட்டபோது மேஜை மேல் அந்த மூன்று சாவியும் இருந்தன. "முதலாளியம்மாகிட்ட காலையில சொல்லிக்கறேன்" என்றாள், அவ்வளவுதான். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பயம் நம்முடையது, அதற்கு இவள் ஏன் வேலையை விட வேண்டும்?

ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். விடிந்ததும் பெல்ட்டைத் தன் கையாலேயே நேராக்கிவிடுவது. சாமான் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவது. அவள் ஓட்டட்டும். ஆனால் அவள் நன்றாகப் பழகும்வரை, ஒரு மாதமோ ஒரு வருடமோ, தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது. கை பிரேக்குக்குப் பக்கத்தில்.

திங்கள் காலை சீருடை மாட்டிக்கொண்டு ஆறு மணிக்கு இறங்கி வந்தார். வாசலில் நின்றுவிட்டார்.

கார் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஓட்டுநர் சீட்டில் மனைவி. மடியில் சாவிக் கொத்து. தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் இஸ்திரி போட்டது போல நேராகப் படிந்திருந்தது.

"வந்துட்டீங்களா? ஏறுங்க. உங்களத் தொழிற்சாலையில இறக்கிட்டுப் போறேன்."

"பெல்ட்டு?"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. வந்து பாத்தா சரியா இருக்கு."

"தானாவா?"

"தானா முறுக்கிக்கிட்டது தானா சரியாகாதா?"

இதற்கு அவரிடம் இருந்த ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பரவாயில்லை, கை பிரேக் இருக்கிறது என்று ஓடிப்போய் முன்பக்கத்து இன்னொரு கதவைத் திறந்தார். உட்காரக் குனிந்தவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கத்து பெல்ட் இரண்டு முறுக்கு முறுக்கிக்கொண்டிருந்தது. சுத்தமான, சீரான, பதினோரு வருட அனுபவமுள்ள முறுக்கு.

"இது அரை நிமிஷ வே..." என்று கையை நீட்டியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல."

"இந்தப் பக்கத்து முறுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு போல. கை வைக்காதீங்க. அந்த சீட்டுல உக்காரவும் கூடாது. நீங்கதான சொன்னீங்க, டாக்டர் தம்பிகூடக் கேட்டாரே."

பக்கத்து வீட்டு மாடியில் டாக்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு பிரஷ்ஷை உயர்த்தி ஆமோதித்தார்.

பத்திரம் சார் பின் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அது மட்டும் ஒழுங்காக இருந்தது. கார் கிளம்பியது. தெருமுனை வந்ததும் அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. கை முன்னால் பாய்ந்தது. பெல்ட் பிடித்து நிறுத்தியது. கை பிரேக்குக்கும் அவர் விரலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழத்தையும் யோசித்துத்தான் தன்னை இங்கே உட்கார வைத்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடியில் அவள் கண்கள் அவரைப் பார்த்தன.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. இல்லேன்னு சொல்லல. நீங்க பக்கத்துல உக்காந்தா உங்க பயத்தையும் சேத்து நான் ஓட்டணும். என்னோடத மட்டும்னா சமாளிச்சுடுவேன்."

கியர் மேல் இருந்த அவள் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தோடே அது சரியான இடத்தில் சரியாக மாற்றியது. பஸ் வந்தது, வழிவிட்டாள். காலை டியூஷனுக்குப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள், நின்றாள். அவர்கள் முதுகில் தொங்கிய பைகளின் வார்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். வழியெல்லாம் பத்திரம் சார் ஒரு தடவைகூட "பத்திரம்" சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக இவள் தன்னை எப்படிச் சுமந்திருக்கிறாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் தெரிந்துவிடப் போகிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொழிற்சாலை வாசலில் பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். காவலாளி யாரோ முதலாளி என்று நினைத்து சல்யூட் அடித்து, ஆளைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். பத்திரம் சார் சுற்றிக்கொண்டு அவள் ஜன்னலோரம் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பத்திரம்" என்றாள், சிரித்துக்கொண்டே.

"போய்ச் சேந்ததும் ஒரு ஃபோன் பண்ணு."

"பண்றேன்."

அவருக்கு இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு வந்துவிட்டால் நாளைக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாயங்காலம் வந்ததும் முதல் வேலையா அந்த பெல்ட்டச் சரி பண்ணிடறேன்."

அவள் கியரைப் போட்டாள்.

"ஒண்ணும் அவசரமில்லைங்க. கம்பெனி சாமான் வரட்டும்."