எஞ்சினுக்கு முன்னால் மாப்பிள்ளை

“பையன் எப்படி இருக்கான்?” என்று நாகம்மா கேட்டாள்.

“மறைச்சிக்கிட்டு நிக்கிறான்” என்றார் நாராயணப்பன், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாகம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகள் ருக்மணிக்காக வந்த படம் அது. பேரிகையிலிருந்து ஓசூர்ச் சந்தைக்கு வந்த பாப்பம்மா, நாகம்மாவின் கையில் நேராகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பையன் அவளுடைய அண்ணன் மகன் முனிவேல். பெங்களூரில் ஃபேக்டரி வேலை.

இதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள். நாராயணப்பன் அவர்களைச் சரியாகப் பார்க்காமலே, “பாக்கலாம், பாக்கலாம்” என்று அலமாரியில் போட்டுவிடுவார். யுத்த காலத்தில் ஓசூர்த் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து, அந்த மனுஷருக்கு ரயில் எஞ்சின் என்றால் படத்தில்தான். எங்கெங்கிருந்தோ படங்களை வரவழைப்பார். சக்கரத்தை எண்ணி, புகைபோக்கியை அளந்து, இன்ன ரகம், இன்ன லைனில் ஓடியது என்று சொல்லிவிடுவார். அவருடைய புளி மண்டியில் வியாபாரம் பாதி கெட்டதே இதனால்தான்.

முனிவேல் நின்றிருந்ததோ ஒரு எஞ்சினுக்கு முன்னால். அதுவும் அவர் பிறந்ததிலிருந்து கண்டிராத எஞ்சின். புகைபோக்கி குடம் மாதிரி உப்பியிருந்தது. விளக்கு அதற்குப் பின்னால் இருந்தது. சக்கரத்தை மட்டும் எண்ணிவிட்டால் எஞ்சின் ரகத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் முனிவேல் காலை அகட்டி நின்றிருந்தான். போதாததற்குக் கோணிப்பை போல ஒரு பேண்ட்.

“நிக்க வேற எடமா கெடைக்கல இவனுக்கு?” என்று நாராயணப்பன் பொருமினார். “ஓரமா நின்னு இன்னொரு படம் அனுப்பச் சொல்லி எழுதறேன்.”

“எழுதுங்க. ஆனா எஞ்சின்னு மட்டும் எழுதிடாதீங்க. பொண்ணோட அப்பனுக்கு மறை கழண்டு போச்சுன்னு நெனைப்பாங்க.”

அதுவும் நியாயமாகப் பட்டது. ‘படத்தில் பையனின் கால் விஷயமாகச் சிறு சந்தேகம். வேறு இடத்தில் நின்று எடுத்த படம் அனுப்பவும்’ என்று ஒரு கார்டு எழுதினார். நாகம்மாவே அதைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.

அடுத்த சந்தையன்று பாப்பம்மா நேரே மண்டிக்கே வந்துவிட்டாள்.

“எங்க புள்ள நொண்டின்னு யாருண்ணா சொன்னது? பேரு சொல்லுங்க!”

“நொண்டியா? நான் எங்கேம்மா…”

“காலுல சந்தேகம்னா வேற என்ன அர்த்தம்?” என்றவள், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். புளி வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

இத்தனை படங்களில் ருக்மணி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் பார்த்தது இது ஒன்றைத்தான். தன் பைத்தியத்தால் மகளின் கல்யாணம் நின்றுபோனால் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? நாராயணப்பன் உடனே பேரிகை பஸ் கண்டக்டர் ஆஞ்சப்பனைப் பிடித்தார்.

“காலுல ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுப்பா. அந்த எடத்துல அவன் நிக்காம இருந்திருந்தா நல்லாயிருக்கும், அவ்வளவுதான்.”

பஸ் பேரிகை போய்ச் சேர்வதற்குள் செய்தியின் முதல் பாதி வழியில் எங்கோ இறங்கிவிட்டது. சாயங்காலம் ஆஞ்சப்பன் பதில் கொண்டுவந்தான்.

“‘எங்க புள்ள நிக்கவே கூடாதா? வெள்ளிக்கெழம நேர்லயே வர்றோம்’னு சொன்னாங்க சாமி.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா வெங்கடப்பன் காப்பியைக்கூடத் தொடவில்லை.

“டேய், நடடா!”

முனிவேல் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தான். பெண்ணை நடக்கவிட்டுப் பார்ப்பது ஊர் வழக்கம். மாப்பிள்ளையை நடக்கவிட்ட பெருமை நாராயணப்பனுக்கே கிடைத்தது.

“குந்தி எந்திரிச்சிக் காட்டுடா!”

காட்டினான். கதவுக்குப் பின்னாலிருந்து ருக்மணியின் சிரிப்பு வெடித்தது. முனிவேல் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை குந்தி எழுந்தான்.

நாராயணப்பனால் தாங்க முடியவில்லை. “ஐயோ, போதும்! எனக்குப் பையன் காலு வேணாங்க. பின்னாடி இருக்கிற எஞ்சினோட சக்கரந்தான் வேணும்!” என்று படத்தைத் தூக்கிக் காட்டினார்.

வெங்கடப்பன் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு மெல்லக் காப்பியை எடுத்துக்கொண்டார். இதற்கு அந்தக் கால் சந்தேகமே தேவலை என்று நினைத்திருக்க வேண்டும்.

“அப்ப கொறை ஒண்ணும் இல்லல்ல? தட்டை மாத்திடுங்க” என்று நாகம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் கையில் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு தட்டு தயாராக இருந்தது. “சக்கரத்த மாப்பிள்ளையே சொல்லிட்டுப் போறாரு.”

வந்த அவமானம் இதோடு தீர்ந்தால் போதும் என்றிருந்தது நாராயணப்பனுக்கு. அங்கேயே, அப்போதே தட்டு மாற்றினார். தட்டு கைமாறியதும் முனிவேலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இப்பவாச்சும் சொல்லுங்க மாப்ளே. சக்கரம் ஆறா, எட்டா?”

முனிவேல் திருதிருவென்று விழித்தபடி அத்தையைப் பார்த்தான். பாப்பம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“அது ஸ்டூடியோவுல தொங்குற படுதாண்ணா, வரைஞ்சவனுக்குச் சக்கரம் போட வரல, ‘போடாட்டிப் போவுது, அந்த எடத்துல பையனை நிறுத்துங்க, அவரே துடிச்சிக்கிட்டுக் கூப்புடுவாரு’ன்னு வரையச் சொன்னதே நம்ம நாகம்மா அண்ணிதானே!”