முத்திரைக்காரர் வீட்டுக் கல்யாணம்

ஸ்டாக்ஹோம், 1767 அக்டோபர் 14

கோபன்ஹேகனில் கயிற்றுப் பட்டறை நடத்திவரும் என் பெருமதிப்பிற்குரிய மச்சான் தூரே அவர்களுக்கு,

தங்கள் தங்கை சிக்ரிட்டின் கணவன் எஸ்கில் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டில் அக்காவும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி, மகள், மகன், கொழுந்தியாள் கத்தரீனா எல்லோரும் பரம சௌக்கியம். நான் மட்டும் தோற்றுப்போயிருக்கிறேன். இதோடு கடிதத்தை முடித்துவிடலாம்தான். ஆனால் தங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் உத்தியோகம் தங்களுக்குத் தெரியும். தங்கள் ஊரில் ராஜா வைத்ததுதான் சட்டம், ஏன் என்று கேட்க ஆளில்லை. இங்கே ராஜாவுக்கு ஆலோசனை சபையில் இரண்டு ஓட்டு, மற்ற பிரபுக்களுக்கு ஆளுக்கு ஒன்று. தோற்றால் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டால், அவர் கையெழுத்தையே செதுக்கிய முத்திரை ஒன்று பெட்டியில் இருக்கிறது, அதை மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினால் ராஜாவே போட்ட மாதிரி. அந்தப் பெட்டியின் சாவி பதினோரு வருஷமாக என் இடுப்பில் தொங்குகிறது. தாங்கள் போன தடவை வந்தபோது, "ராஜாவை மூலையில உக்கார வச்சிட்டு அவர் கையெழுத்த நீங்களே போட்டுக்கிறீங்களா மாப்ளே? இதுக்குப் பேரு ராஜ்யமா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நான் கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனேன். அதற்காக இப்போது வருந்துகிறேன். அன்றைக்கு விட்டுவிட்டு எழுந்த ஹெர்ரிங் மீனுக்காகவும்.

அலுவலகத்தில் பழகியது வீட்டிலும் தொற்றிக்கொண்டது, அதுதான் நான் செய்த பிழை. இரண்டு வருஷத்துக்கு முன் கணப்படுப்புக்குப் பச்சை ஓடு பதிப்பதா மஞ்சள் ஓடா என்று பெரிய சச்சரவு வந்தபோது, நான்தான் மேஜையைத் தட்டி, இந்த வீட்டிலும் சபை முறைப்படியே நடக்கட்டும், குடும்பத் தலைவன் என்பதால் எனக்கு இரண்டு ஓட்டு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று என்று அறிவித்தேன். மகன் பெட்டர் என் பக்கம் நின்றான்; மூன்றுக்கு மூன்று என்று வந்தது, சமமானால் தலைவன் பக்கமே ஜெயம் என்றேன். மஞ்சள் ஓடு ஜெயித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். புத்தியுள்ளவன் பச்சை ஓட்டைப் பதித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான்.

இந்தக் கோடையில் யூனாஸ் என்று ஒரு நில அளவைக்காரன் வந்து என் மகள் பேயாட்டாவைப் பெண் கேட்டான். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எதிர்க்கட்சிக்காரன் என்பதைத் தவிர. ஆனால் அவனுக்கு உத்தியோகம் வடக்கே டோர்னியோவில். பனிவண்டியில் மூன்று வாரப் பயணம் மச்சான்! அங்கே போகிற பெண் வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டால் அதிகம். முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள், கட்சியைச் சொன்னேன். உண்மைக் காரணம் அதுவல்ல, தங்களிடம் மறைப்பானேன்? சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது என் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அன்றைய நாளைப் பற்றிக் கேட்கிறவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சிக்ரிட் சன்னல்களைச் சாத்திவிட்டு (காப்பிக்குத் தடை இன்னும் நீங்கவில்லை) எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். பிறகு, "என்னங்க, சபையக் கூட்டிரலாமா?" என்றாள். கூடியது. என் இரண்டு ஓட்டு எதிராக. சிக்ரிட், கத்தரீனா, பேயாட்டா மூவரும் ஆதரவாக. கல்யாணப் பெண்ணுக்கு அவள் கல்யாணத்திலேயே ஓட்டு ஏது என்று ஆட்சேபித்தேன். "ஏன் அத்தான், ராஜா விஷயத்துல ராஜா ஓட்டுப் போடறதில்லையா?" என்று கத்தரீனா மடக்கினாள். பெட்டரைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் பக்கம் கை தூக்கினான். நாலுக்கு இரண்டு. சம்மதக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். நான் பேனாவைத் தூக்கிக் கணப்பில் எறிந்துவிட்டுப் படுக்கப் போனேன். அழுகை, கெஞ்சல், பட்டினி என்று ஏதாவது வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

போன ஞாயிறு கோயிலில் பாதிரியார் கல்யாண அறிவிப்பை வாசிக்கிறார், "எஸ்கில் அவர்களின் குமாரத்தி பேயாட்டா" என்று! ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். அவர் சம்மதக் கடிதத்தை நீட்டி, "என்னய்யா இப்படி முழிக்கிறீங்க? உங்க கையெழுத்துதானே இது?" என்றார். பார்த்தேன். என் பெயர், என் சுழிப்பு, கடைசியில் நான் போடும் வால் உட்பட. திரும்பிப் பார்த்தால் சிக்ரிட் கண் சிமிட்டாமல் நிற்கிறாள், ஏப்ரன் பையில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. புரிந்துவிட்டது. நல்ல வேலைப்பாடு மச்சான், ஓரத்தில் மை கசியவே இல்லை. நாங்கள் அலுவலகத்தில் வைத்திருப்பது இவ்வளவு சுத்தமாக விழாது.

"இல்லை, இது முத்திரை" என்று நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் மேலதிகாரி குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஒருவன் மாட்டேன் என்ற பிறகு அவன் பெயரைச் செதுக்கி வைத்தால் அது கையெழுத்தாகாது என்று நான் வாய் திறந்தால், பதினோரு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? "என்னுடையதுதான்" என்றேன். பாதிரியார் வாழ்த்துச் சொன்னார். மேலதிகாரி கை குலுக்கினார். வீடு வரைக்கும் ராஜாவைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

ஆகவே மச்சான், என் வேண்டுகோள் இது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பில் இன்னும் இரண்டு பாக்கி. தாங்கள் சிக்ரிட்டின் மூத்த அண்ணன். ஓட்டு, சபை என்ற தொல்லையெல்லாம் அறியாத தேசத்தில் வாழ்பவர். அடுத்த கப்பலிலேயே, இந்தக் கல்யாணம் கூடாது என்று காரணம் எதுவும் சொல்லாமல் ஓர் உத்தரவு போடுங்கள். காரணம் சொன்னால் அதை ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். இனி ராஜ்யங்களைப் பற்றித் தங்களோடு வாதாட மாட்டேன், தங்கள் முறையே மேல்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பட்டறை செழிக்கவும் தங்கள் வாக்கு வீட்டில் என்றும் செல்லுபடியாகவும் ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

எஸ்கில்

பின்குறிப்பு: எதிர்க்காற்று வீசுவதால் கப்பல் மூன்று நாளாகப் புறப்படவில்லை. நேற்றுச் சாயங்காலம் பேயாட்டா வந்து பூட்ஸைக் கழற்றினாள். "அப்பா, ஓட்டுல ஜெயிச்சிட்டோம், முத்திரையும் இருக்கு. ஆனா நீங்க உங்க வாயால போன்னு சொல்லாம நான் எங்கயும் போக மாட்டேன். வேணாம்னா வேணாம், யூனாஸ்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். தங்கள் ராஜாவுக்கு இருக்கிற அத்தனை அதிகாரமும் என் கையில் வந்து விழுந்தது மச்சான். ஒரு குழாய்ப் புகையிலை தீரும்வரை வைத்திருந்தேன். பிறகு, "போயிட்டு வாம்மா" என்றேன். அழுதேன் என்று கத்தரீனா சொல்கிறாள், சரிதான். ஆகவே உத்தரவு எதுவும் அனுப்ப வேண்டாம், கல்யாணத்துக்கு வாருங்கள். இன்று காலை நானே பாதிரியாரிடம் போய், அந்தக் கடிதத்துக்குப் பதிலாக என் சொந்தக் கையாலேயே புதிதாக ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை வால் சற்றுக் கோணலாக விழுந்துவிட்டது. அவர் பழைய கடிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "மன்னிக்கணும், இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.