பதினேழு தடவை திறந்த கதவு

அவசரக்குடுக்கைகள் ஆராய்ச்சிக்குப் போகக்கூடாது. நான் போனேன்.

பொறியியல் கடைசி வருடம். நிலக்கரி மின்நிலையத்தில் நீராவியை இன்னும் சூடாக்கினால் அதே கரியில் கூடுதல் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் அந்தச் சூட்டைக் குழாய்கள் தாங்க வேண்டும். தாங்க வைக்க ஒரு பூச்சைக் கண்டுபிடித்திருந்தேன் (அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்). சோதித்துப் பார்க்க வேண்டிய பல்கலைக்கழக உலை பழுது. லீவுக்குப் பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தேன். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்கும் டிரையருக்குச் சூடு கொடுக்கும் பெரிய விறகடுப்பு இருந்தது. அதை எரிப்பவர் அப்பா; ஸ்டோருக்கே பொறுப்பு டீமேக்கர் ஐயா.

"ஓரமா ஒரு இரும்புத் துண்டத் தொங்கவிட்டுக்கிறேன்ப்பா."

"டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சு." (கேட்கவில்லை.)

பூச்சு பூசிய துண்டைத் தொங்கவிட்டேன். சாயங்காலம்வரை தொடக்கூடாது. ஐந்து நிமிடம் பொறுத்தேன். அப்பா விறகு அள்ளப் போனதும் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தேன். பூச்சு அப்படியே இருந்தது. மூடியதும் சந்தேகம் வந்தது. அவர் விறகுக்குப் போகும்போதெல்லாம் மறுபடி திறந்தேன். உள்ளே குளிர்காற்று போகுமே என்று இத்தனை படித்தவளுக்குத் தோன்றவேயில்லை.

டிரையரின் சூடு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அப்பா வேர்க்க வேர்க்க விறகைத் தள்ளினார். முள் ஏறவில்லை.

டீமேக்கர் ஐயா ஒரு கை தேயிலையோடு வந்தார்.

"சூடு பத்தாம, கொழுந்து காயாம அவிஞ்சுபோச்சு. நாளையிலருந்து அடுப்புக்கு வேற ஆளு."

அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. "விறகு ஈரமுங்க, ஐயா" என்றார். விறகு மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. இருபது வருட வேலை என்னால் போகப்போகிறது. முன்னால் வந்து நின்றேன்.

"நாந்தாங்க ஐயா கதவத் தொறந்தேன்."

"எத்தன தடவ?"

நோட்டை நீட்டினேன். திறந்த நேரமெல்லாம் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தேன் (ஆராய்ச்சியாளர் அல்லவா). அவர் விரல் வைத்து எண்ணினார்.

"பதினேழு."

துண்டை வெளியே எடுக்கச் சொன்னார். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதில் பூச்சு அப்பளமாக உதிர்ந்தது.

"தேயிலயும் போச்சு, இரும்பும் போச்சு" என்றார். அப்பாவை ஒரு மாதம் விறகு பிளக்க அனுப்பினார். வேலை தப்பியது. அன்று அப்பாவோடு லயத்து வீட்டுக்கு நடக்கையில் எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

திட்டியிருக்கலாம். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்குச் சம்பளம் தருவதும் அதே பூச்சு வேலைதான். ஆனாலும் லீவுக்கு வீட்டுக்குப் போய், சோறு வெந்ததா என்று பானை மூடியில் கை வைத்தால் போதும், முன்வாசலிலிருந்து அப்பாவின் குரல் வரும்:

"பதினெட்டா, புள்ள?"